கோமுவுக்கு, நியூஜெர்சியிலிருந்து

அன்புள்ள கோமு,

ஏட்டி, திட்டாதே. ஆடி போய் ஆவணியும் போய்விட்டது, ஒரு வரி எழுதவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பும் காலை வணக்கமெல்லாம் கடிதக் கணக்கில் சேராது என்று நீ கறாராகச் சொல்லிவிட்டதால் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். முட்டி வலி அப்படியேதான், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மாப்பிள்ளை சௌக்கியம், பேரன் தமிழில் பேசச் சொன்னால் டாலர் கேட்கிறான். உன் மருமகள் ஊருக்கு வந்தாளா, மாடிவீட்டுக்காரர் காலி செய்தாரா, எல்லாம் விவரமாக எழுது.

இனி விஷயம். நம் உமா போன வாரம் அமெரிக்கக் குடிமகள் ஆகிவிட்டாள். நீ என்ன சொல்வாய் என்று தெரியும், உன் குரலிலேயே கேட்கிறது, அதை எழுதிக் காகிதத்தை வீணாக்காதே. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வாங்க வேண்டும். பெயரில்தான் ஓசி, கட்டணத்தைக் கேட்டால் உனக்கு மயக்கம் வரும். பாளையங்கோட்டையில் பிறந்தவள் பாளையங்கோட்டைக்கு வர அட்டை காட்ட வேண்டும்! சரி, விடு. அவள் பிழைப்பு, அவள் முடிவு.

உறுதிமொழி எடுக்கும் நிகழ்ச்சிக்கு நானும் போயிருந்தேன். முதல் பாதியில், வேற்று அரசன், வேற்று நாடு எதற்கும் இனி விசுவாசம் இல்லை என்று துறக்கச் சொல்கிறார்கள். அந்த இடத்தில் அடிவயிறு பிசைந்தது, உன்னிடம் மறைப்பானேன். ஆனால் அதற்கு அடுத்து வருவதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. எதைக் காப்பேன் என்று சத்தியம் செய்கிறார்கள் தெரியுமா? அதிபரை இல்லை. அரசியல் சாசனத்தை. அதிபரும் பதவியேற்கும்போது அதையே காப்பேன் என்றுதான் சொல்கிறார். செனட்டர், நீதிபதி, ராணுவ அதிகாரி எல்லாருக்கும் அதே கதைதான். நான்கு தோல் தாள்களில் எழுதிய சுமார் 4,500 சொற்கள், அவ்வளவே. நம் சாசனத்தின் அட்டவணைகளுக்குக்கூடக் காணாது.

அதற்கு முன்னால் அவளுக்குத் தேர்வு இருந்தது. அதிகாரி எதிரே உட்கார்ந்து கேட்பார், வாயால் பதில் சொல்ல வேண்டும். கேள்விகளை அரசே முன்கூட்டி வெளியிட்டுவிடுகிறது, நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டால் கண்ணீர் விடுவார்கள். சமையலறையில் அவள் பாத்திரம் தேய்க்க, நான் கேள்வி கேட்க, பழைய புத்தி போகுமா, கையில் குச்சி மட்டும்தான் இல்லை. "அரசின் ஒரு பிரிவு அளவுக்கு மீறிப் பலம் பெறாமல் தடுப்பது எது?" "அதிகாரப் பிரிவினை." சரி, அடுத்த கேள்வி. சட்டம் செய்பவர், ஆள்பவர், தீர்ப்புச் சொல்பவர் வெவ்வேறாக இருக்க வேண்டும் என்கிற இதே விடையை நான் எத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! அந்தக் கருத்தை எழுதிய பிரெஞ்சு அறிஞர் மாண்டெஸ்கியூ பெயரையும் சேர்த்தால் முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். சரி, அது எப்படித்தான் தடுக்கிறது? அன்றிரவு இதே யோசனை. மாப்பிள்ளையிடம் சொன்னேன், இந்தச் சாசனத்தை எழுதிய கூட்டத்தில் இருந்த மேடிசனின் குறிப்புகளை நூலகத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்து போட்டார். அதற்கப்புறம் சாம்பாரில் உப்பு இருந்ததா இல்லையா என்று எனக்கே தெரியாது.

1787 மே 25 தொடங்கி செப்டம்பர் 17 வரை, பிலடெல்பியாவில், நல்ல கோடையில், வெளியே ஒரு சொல் போகக்கூடாது என்று அடைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். வந்தவர்கள் 55 பேர், கடைசியில் கையெழுத்துப் போட்டவர்கள் 39. ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை. அதற்கு முன்பிருந்த ஏற்பாட்டில் மத்திய அரசுக்கு வரி போடும் அதிகாரமே கிடையாது, மாநிலங்களிடம் கை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான், அதை மாற்றலாம் என்றால் ஒரே ஒரு மாநிலம் மறுத்தாலும் போச்சு. மேடிசன் முன்வரிசையில் உட்கார்ந்து, யார் என்ன பேசினார்கள் என்று தினமும் எழுதிவைத்தார். அவர் இறந்து நான்கு வருஷம் கழித்து, 1840-இல்தான் அது அச்சாகி வந்தது.

நான் ஏதோ முனிவர்கள் கூடிச் சாசனம் அருளினார்கள் என்கிற மாதிரிதான் நம் பாடப்புத்தகத்திலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். படித்தால் நம் ஸ்டாஃப் ரூம்! வர்ஜீனியா ஆளுநர் ராண்டால்ஃப், முதல் வாரத்திலேயே எழுந்து முழுத் திட்டத்தையும் முன்வைத்தவர், செப்டம்பரில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றுவிட்டார். அடுத்த வருஷம் வர்ஜீனியாவில் ஒப்புதலுக்கு வந்தபோது ஆதரித்துப் பேசினார். நம் ஊசல் சாரை நினைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். ஜார்ஜ் மேசனோ, இதில் கையெழுத்துப் போடுவதைவிட என் வலது கையை வெட்டிக்கொள்வேன் என்று பேசியவர். குடிமக்களின் உரிமைப் பட்டியல் இல்லை என்பது அவர் குறை. போடவில்லை. வாஷிங்டனுக்கும் அவருக்கும் இருந்த நீண்டநாள் நட்பே அதில் கெட்டுப்போனது. ஆனால் 1791-இல் அந்தப் பட்டியல் முதல் பத்துத் திருத்தங்களாக வந்துவிட்டது பார். 81 வயது பிராங்க்ளினால் நின்று பேச முடியாமல் இன்னொருவர் அவர் உரையை வாசித்தார். இதில் சில பகுதிகள் எனக்கு இப்போது உடன்பாடில்லை, ஆனால் வயதாக ஆக என் முடிவின்மேலேயே எனக்குச் சந்தேகம் கூடுகிறது, அதனால் ஒப்புக்கொள்கிறேன் என்று. இதை உன் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டு.

அந்த மண்டபத்துக்கும் போய்வந்தோம். பச்சைத் துணி விரித்த மேசைகள், முன்னால் வாஷிங்டன் உட்கார்ந்த நாற்காலி. இவ்வளவு சின்ன அறையா என்று இருந்தது. வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தால் அவர் அதிபராக இருந்தபோது குடியிருந்த வீட்டின் இடம். கோமு, அந்த வீட்டில் ஒன்பது பேரை அடிமைகளாக வைத்திருந்தார். பென்சில்வேனியா சட்டப்படி, வெளியூர்க்காரர் கொண்டுவந்த அடிமை ஆறு மாதம் தொடர்ந்து அங்கே இருந்தால் விடுதலை கேட்கலாம். அதனால் ஆறு மாதம் ஆவதற்குள் அவர்களை மாநில எல்லை தாண்டி அனுப்பிவிட்டு மறுபடி கூட்டிவருவார். நாட்டின் முதல் அதிபர்! ஓனா ஜட்ஜ் என்ற பெண் 1796-இல், வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, வெளியே நடந்து போய்க் கப்பலேறிவிட்டாள். ஆள் விட்டுத் தேடியும் அவள் திரும்பவேயில்லை. சாசனத்தில் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்டு, அந்தக் கணக்கில் தென் மாநிலங்களுக்கு நாடாளுமன்றத்தில் கூடுதல் இடம் கொடுத்தார்கள். ஓட்டு அவர்களுக்கு இல்லை, அவர்கள் தலையை வைத்து எஜமானனுக்கு இடம். இதை நான் ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை, புத்தகத்தில் இல்லை. அடிமை முறையை ஒழிக்க 1865 வரை ஆனது, அதுவும் உள்நாட்டுப் போர் நடத்தி.

சரி, எது தடுக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். மேடிசனின் எண்ணம் கொஞ்சம் குரூரமானது. நல்லவர்கள் வருவார்கள் என்று நம்பாதே. பதவி ஆசை பிடித்தவர்கள்தான் வருவார்கள், அவர்களை ஒருவர்மேல் ஒருவர் ஏவிவிடு. அதிபர் காங்கிரஸின், அதாவது இங்கத்து நாடாளுமன்றத்தின், அதிகாரத்தில் கை வைத்தால், காங்கிரஸ்காரன் தன் பங்கு போகிறதே என்ற பொறாமையிலேயே எதிர்ப்பான்.

1952-இல் இது வேலை செய்ததைப் பார். கொரியப் போர் நடக்கிறது, எஃகு ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வரப்போகிறது, துப்பாக்கிக்கு இரும்பு வேண்டும் என்று அதிபர் ட்ரூமன் ஏப்ரலில் ஆலைகளை அரசுடைமை மாதிரி எடுத்துக்கொண்டார். ஆலைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றத்தில் இருந்த ஒன்பது பேரும் அவரோ, அவருக்கு முன்னால் இருந்த ரூஸ்வெல்ட்டோ நியமித்தவர்கள். ஆறு பேர் எதிராகத் தீர்ப்பு எழுதினார்கள், அதில் இருவர் ட்ரூமனே நியமித்தவர்கள். காங்கிரஸ் சட்டம் செய்யாமல் அதிபர் இதைச் செய்ய முடியாது என்றார்கள். நீதிமன்றத்திடம் படை உண்டா, போலீஸ் உண்டா? ஒன்றுமில்லை. ட்ரூமன் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், போர் நடக்கும்போதே. அப்புறம் வேலைநிறுத்தமும் நடந்தது.

இதைப் படித்துவிட்டு நான் மாப்பிள்ளையிடம் ஒரே பெருமை, என்னமோ நானே எழுதின மாதிரி. அவர் அமைதியாக, "அத்தை, பதவிநீக்க வழக்குகளைப் பாருங்கள்" என்றார். பார்த்தேன். அன்றிலிருந்துதான் கவலை. அதிபரை நீக்க, காங்கிரஸின் மேலவையான செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். இதுவரை ஒருவரும் அப்படி நீக்கப்படவில்லை. 1868-இல் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே ஓட்டில் தப்பினார். 1999-இல் கிளின்டன் வழக்கில் அவர் கட்சி செனட்டர் ஒருவர்கூட அவருக்கு எதிராகப் போடவில்லை. 2020-இல் ட்ரம்ப் வழக்கில் அவர் கட்சியிலிருந்து எதிராக ஓட்டுப் போட்டவர் ராம்னி ஒருவர்தான். சொந்தக் கட்சி அதிபரை நீக்கச் சொல்லி ஓட்டுப் போட்ட முதல் செனட்டரே அவர்தானாம். 2021-இல் ஏழு பேர், 57-க்கு 43, வேண்டியது 67. இவர்கள் குற்றவாளிகளா இல்லையா என்பது என் வழக்கு இல்லை, உமா வீட்டிலேயே அதில் இரண்டு கட்சி. என் கேள்வி, செனட்டன் செனட்டுக்காகப் பொறாமைப்படுகிறானா, கட்சிக்காகவா? மேடிசன் கணக்குப் போட்டபோது கட்சி என்பது அந்தக் கணக்கில் இல்லை. நம் சிக்கன நாணயச் சங்கத்தில் தலைவரைத் தட்டிக்கேட்கத் தணிக்கைக் குழு என்று எவ்வளவு பாடுபட்டு விதி எழுதினோம். குழு முழுக்கத் தலைவரின் ஆட்களாக வந்து உட்கார்ந்தார்கள், தேநீர் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். என் வைப்புத்தொகை இன்னும் முழுசாக வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்.

நீ இதைத்தான் முப்பது வருஷமாகச் சொல்கிறாய்: ஆள் நல்லவனாக இருந்தால் விதி எதற்கு, கெட்டவனாக இருந்தால் விதி என்ன செய்யும். பாதிதான் ஒத்துக்கொள்வேன். 1974-இல், வாட்டர்கேட் ஊழலை மூடிமறைத்ததில் மாட்டிய அதிபர் நிக்சனிடம், செனட்டில் உங்களுக்கு ஓட்டு இல்லை என்று நேரில் போய்ச் சொன்னவர்களில் கோல்ட்வாட்டர் உண்டு, அதே கட்சியின் பெரிய தலை. இரண்டு நாளில் நிக்சன் போய்விட்டார். ஆனால் அதற்கு முந்தைய மாதம் உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள் ஒருமனதாக, உன் அறையில் பதிவான ஒலிநாடாக்களைக் கொடு என்று சொல்லியிருக்காவிட்டால் கோல்ட்வாட்டர் என்ன செய்திருப்பார்? அந்த நாடாவே வெளியே வந்திருக்காது. அப்புறம் ட்ரூமன்? அவர் கெட்டவர் என்று இங்கே யாரும் சொல்லிக் கேட்கவில்லை, அவரைத்தானே நிறுத்த வேண்டியிருந்தது. இதற்கு நீ பதில் எழுது, ஸ்டாஃப் ரூமில் செய்வதுபோல் "அதெல்லாம் வேற" என்று தட்டிக்கழிக்காதே.

நவம்பரில் இங்கே தேர்தல், உமாவுக்கு முதல் ஓட்டு. யாருக்குப் போடுவாய் என்று கேட்டேன், ரகசிய வாக்கெடுப்பு என்கிறாள். பெற்றவளிடம்! கேள்வி கேட்டுக் கேட்டு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

தை பிறந்ததும் ஊருக்கு வருகிறேன். என்ன வாங்கிவர என்று எழுது, பாதாம் மட்டும் கேட்காதே, பெட்டி கனக்கிறது. என் பென்ஷன் புத்தகத்தைப் பத்திரமாக வை.

உன்,
பகவதி