கேட்டில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு, சுவரில் உதவி எண்ணை ஒட்டுகிறவர்களுக்கு

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கும், மேலாளர்களுக்கும், லைன் சூப்பர்வைசர்களுக்கும் வணக்கம்.

டைம் ஆபீசில் உட்கார்ந்து வருகைப் பதிவும் வாரச் சம்பளமும் பார்க்கிறவன் நான். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றவர்களெல்லாம் நிம்மதியாகிவிடுவீர்கள்.

செப்டம்பர் 10 உலகத் தற்கொலைத் தடுப்பு நாள். அன்றைக்குப் பேனர் கட்டி, தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தி உறுதிமொழி எடுக்கச் சொல்லி, போட்டோ எடுத்து ஆடிட் ஃபைலில் வைக்கும் பழக்கம் சில இடங்களில் வந்திருக்கிறது. தீ விபத்து வரைபடத்துக்குப் பக்கத்தில் 14416 என்று பெரிதாக அச்சடித்த தாளும் ஒட்டப்படுகிறது. அந்த எண்ணில் ஒரு குறையும் இல்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவை அது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம். தமிழ் மட்டுமல்ல, இந்தியும் ஒடியாவும் கிடைக்கும். ஆனால் காலை எட்டரைக்கு உள்ளே வருகிறவரின் செல்போனை கேட்டிலேயே வாங்கி மரப் பெட்டியில் போட்டுவிட்டு, ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவில் திருப்பிக் கொடுக்கிறோம். அவர் எந்தக் கையால் எந்த போனில் அந்த எண்ணை அழுத்துவார்? இரவு லைன் வீட்டுக்குப் போனபின் பேசலாம் என்பீர்கள். பத்துக்குப் பத்து அறையில், மூன்று பேர் படுத்திருக்கும்போது பேசக்கூடிய விஷயமா அது?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் நாடு முழுவதும் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். தமிழ்நாட்டில் 19,834, மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். நாட்டில் இறந்தவர்களில் கால்வாசிக்கும் மேல் தினக்கூலிகள். காரணம் என்ற பத்தியில் முதலிடம் பிடிப்பது 'குடும்பப் பிரச்சினை', அடுத்தது நோய். நம் ஊர்ச் செய்தித்தாள்களில் எத்தனை காலமாக 'தீராத வயிற்றுவலி' என்று வாசித்து வருகிறோம்! இத்தனை பேருக்கு வயிறு வலித்திருக்க முடியாது என்பது எழுதியவருக்கும் தெரியும், வாசித்தவருக்கும் தெரியும்.

எந்தச் சாவுக்கும் ஒற்றைக் காரணம் கிடையாது. கம்பெனிதான் கொன்றது என்று நான் எழுதவில்லை. ஆனால் குடும்பப் பிரச்சினை என்று போலீசார் எழுதுவதின் மறுபாதி என் மேசையில் இருக்கும் சம்பளத் தாளில் இருக்கிறது. ஆர்டர் இரண்டு வாரம் நின்றால் பீஸ் ரேட்காரருக்குச் சனிக்கிழமை கவர் பாதியாகிவிடும். மகளிர் குழுக் கடனின் வாரத் தவணை நிற்காது. தவணை கேட்டு வருகிறவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறார். வீட்டில் சண்டை வருகிறது. கணவர் குடிக்கிறார், அல்லது குடிக்கிறார் என்பதால்தான் கடனே வந்தது. எது முதல், எது பின் என்று யார் பிரிப்பது?

டாக்டருக்கு முன்பே, பல சமயம் வீட்டுக்கும் முன்பே, இந்த மாற்றம் நம் கண்ணில் படுகிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். லீவே போடாத செக்கிங் அக்கா திங்கள்தோறும் வராமல் போகிறார். அட்வான்சே கேட்காதவர் ஒரே மாதத்தில் மூன்று முறை கேட்கிறார். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே மூடுகிறார். ஒருவர் காரணமே இல்லாமல் பி.எஃப். நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போகிறார். "நான் இருந்து என்ன ஆகப்போகிறது" என்ற வார்த்தை பேச்சோடு பேச்சாக வருகிறது. இவற்றில் ஏதோ ஒன்றைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் தனியே கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

கேட்பது எப்படி? நேராகக் கேட்கலாம். "செத்துப்போய்விடலாம் என்று தோன்றுகிறதா, அக்கா?" என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பயப்படுகிறோம். அப்படி ஆவதில்லை என்றுதான் இந்தத் துறை மருத்துவர்கள் சொல்கிறார்கள். கேட்டவுடன் பாரம் இறங்கி அழுகிறவர்களே அதிகம். கேட்டபின் அறிவுரையை ஆரம்பித்துவிடக் கூடாது. பிள்ளைகளை நினைத்துப் பார், கோயிலுக்குப் போய் வா என்பதெல்லாம் அவர் தனக்குத்தானே ஆயிரம் முறை சொல்லிப் பார்த்தவை. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், வீட்டில் அவர் நம்பும் ஒருவரை வரவழைத்து, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒருவர் கூடவே போக வேண்டும். முதலுதவிப் பெட்டியைப் பொறுப்பில் வைத்திருப்பவருக்குப் பயிற்சி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. ஊசி ஏறிய விரலுக்குக் கட்டுப்போட ஆள் இருக்கிறார். இதற்கும் லைனுக்கு ஒருவரைத் தயார்செய்வது பெரிய செலவா?

சூப்பர்வைசர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மணிக்கணக்கு போர்டில் பீஸ் குறைந்தால் "இதற்குப் போய்ச் செத்துத் தொலையலாம்" என்று கத்துகிறீர்கள். மேலே இருப்பவர் உங்களைக் கத்துவதும் தெரியும். இருந்தாலும் அந்த ஒரு வசவை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

அயர்னிங் பிரிவில் ஒரு அண்ணன் இருந்தார். தற்கொலைக்கு முயன்று உயிர் பிழைத்து, மருத்துவமனையிலிருந்து நேராக வேலை கேட்டு வந்தார். டிஸ்சார்ஜ் சீட்டை ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்தார். செக்யூரிட்டி அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "போலீஸ் கேஸ் ஆள், நமக்கு வேண்டாம்" என்று உள்ளிருந்து பதில் வந்தது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே 2024 ஜூலையில் வந்த புதிய குற்றச் சட்டத்தில் இல்லை. முன்பு ஒருமுறை முயன்றவருக்கு ஆபத்து அதிகம்; மருத்துவமனையை விட்டு வந்த முதல் சில வாரங்கள் இன்னும் மோசம். சரியாக அந்த வாரங்களில்தான் நாம் வேலையைப் பிடுங்குகிறோம். அவருக்கு ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில் வேலை கிடைத்தது. அந்த ஓனர் எதுவும் கேட்கவில்லை. முதல் மாதம் மட்டும் இரவு ஷிப்ட் போடவில்லை. அண்ணன் இன்றும் அங்கே அயர்ன் போடுகிறார், மாத்திரையும் சாப்பிடுகிறார்.

பணத்துக்கு வருவோம். சம்பளத்தில் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறோம், கம்பெனி 3.25 சதவீதம் கட்டுகிறது. உடம்பு சரியில்லாதவருக்கு ஆண்டில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும் என்பது பலருக்குத் தெரியும். இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்தவருக்கு, பட்டியலில் உள்ள நீண்ட நோய்களென்றால் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கலாம். அந்தப் பட்டியலில் காசநோய், புற்றுநோயோடு மனச்சிதைவும் தீவிர மனச்சோர்வும் இருக்கின்றன. இதைக் கேட்டு என் மேசைக்கு ஒருவரும் வந்ததில்லை, ஏனென்றால் ஒருவரும் சொன்னதில்லை. காண்ட்ராக்டர் கொண்டுவந்த ஆட்களில் பலருக்கு இ.எஸ்.ஐ. எண்ணே கிடையாது என்பது நமக்குள் தெரிந்த ரகசியம்.

நான் கேட்பவை பேனரைவிடக் கொஞ்சம்தான் விலை கூடியவை. டீ இடைவேளையிலும் சாப்பாட்டு நேரத்திலும் போனைக் கொடுங்கள். புறநோயாளிச் சீட்டு காலையில்தான் கிடைக்கும்; மருத்துவமனைக்கு அரை நாள் போனவருக்கு அட்டெண்டன்ஸ் போனசை வெட்டாதீர்கள். ஹாஸ்டலில் இருக்கும் ஒடிசா, பீகார் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியிலேயே அந்தத் தாளை ஒட்டுங்கள். கடன் வசூல்காரர்களைக் கேட்டுக்கு உள்ளே விடாதீர்கள். யாராவது இறந்துவிட்டால், எப்படி இறந்தார் என்ற விவரமும் படமும் வாட்ஸ்ஆப் குழுவில் சுற்றாமல் பாருங்கள். பக்கத்து மெஷினில் இருந்தவரை அன்றைக்கே டார்கெட் கேட்காதீர்கள்.

ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்கிற ஊர் இது. முடியாது என்று சொல்லாதீர்கள்.

தொழிலாளர் யாராவது இதை வாசித்து, எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது என்று நினைத்தால்: 14416, அல்லது 104. சென்னையில் 1986 முதல் இயங்கும் ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. போன் கேட்டில் இருந்தால் டைம் ஆபீசுக்கு வாருங்கள். மேசையில் ஒரு போன் இருக்கிறது, கதவையும் சாத்திக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
டைம் ஆபீஸ் ஊழியர் ஒருவர்,
திருப்பூர்