ரத்த-மூளைத் தடுப்பில் ஆஸ்ட்ரோசைட்டின் பங்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தங்கள் அறிவியல் பக்கத்தில் வெளியான கட்டுரையில், ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்புச் சுவரை ஆஸ்ட்ரோசைட்டுகள் (நரம்புச் செல்களுக்குத் துணைநிற்கும் நட்சத்திர வடிவ மூளைச் செல்கள்) எழுப்புவதாகக் கூறப்பட்டிருந்தது. ஒரு காலத்தில் நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன் என்பதால், கட்டுரையாளரைக் குறைகூற எனக்கு வாயில்லை. ஆயினும் திருத்தம் தேவை.

சுவர் என்பது தந்துகிகள் என்னும் நுண்ணிய ரத்த நாளங்களின் உட்புறத்தில் அமைந்த எண்டோதீலியச் செல்களே. அவை ஒன்றோடொன்று இறுகப் பொருந்தியிருப்பதால்தான் ரத்தத்தில் செலுத்திய புரதம் மூளைக்குள் கசியவில்லை என்பதை, 1967இல் ரீஸும் கார்னோவ்ஸ்கியும் சுண்டெலியின் மூளையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து காட்டினர். ஆஸ்ட்ரோசைட்டுகளோ தம் பாதங்களால் அந்த நாளங்களை வெளிப்புறமாகப் போர்த்தியிருப்பவை. 1987இல் ஜான்சரும் ராஃபும் இச்செல்களை எலியின் கண்ணின் முன்னறையில் செலுத்தியபோது, அவற்றினூடே வளர்ந்து புகுந்த நாளங்கள் மூளையைச் சேராதவையாக இருந்தும் சாயத்தைக் கசியவிடவில்லை. 'ஆஸ்ட்ரோசைட்தான் கட்டுகிறது' என்ற எண்ணம் வலுப்பெற்றது இதனால்தான். ஆனால், கருவில் ஆஸ்ட்ரோசைட்டுகள் தோன்றுவதற்கு முன்பே தடுப்பு உருவாகிவிடுகிறது என்பதையும், அப்போது அதற்குத் துணைநிற்பவை தந்துகிகளை ஒட்டிச் சூழ்ந்திருக்கும் பெரிசைட்டுகள் என்ற வேறு செல்கள் என்பதையும் 2010இல் வெளியான ஆய்வு தெளிவாக்கியது.

அப்படியானால் ஆஸ்ட்ரோசைட்டுக்கு வேலை என்ன? இதற்கு எங்கள் செட்டிநாட்டில் உவமை தேடி அலைய வேண்டியதில்லை. பர்மாத் தேக்கும் முட்டைவெள்ளை கலந்த சுண்ணாம்புப் பூச்சுமாக எவ்வளவு உறுதியாகக் கட்டிய வீடானாலும், ஆள் புழங்காவிட்டால் சில மழைக்காலங்களுக்குள் ஒழுகத் தொடங்கிவிடும். கட்டிய கொத்தனார் வேறு, புழங்கி வைத்திருப்பவர் வேறு; ஆஸ்ட்ரோசைட் இரண்டாமவர். கண் நரம்பையும் தண்டுவடத்தையும் பாதிக்கும் நியூரோமையலைட்டிஸ் ஆப்டிகா என்னும் நோயில், ஆஸ்ட்ரோசைட்டின் பாதத்திலுள்ள அக்வாபோரின்-4 என்ற நீர்வழிப் புரதத்தை உடலின் சொந்த எதிர்ப்புரதங்களே (ஆன்டிபாடிகள்) தாக்கும்போது தடுப்பும் சேர்ந்து சீர்குலைகிறது. மூளையில் அழற்சி, ரத்தநாள அடைப்பு போன்ற பாதிப்புகளின்போது அதே ஆஸ்ட்ரோசைட்டுகள் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரந்து சுவரின் இணைப்புகளைத் தளர்த்துவதும் உண்டு. அந்த இடத்தில் என் உவமை கைகொடுக்காது.

கட்டுரை 'வெறும் இடைநிரப்பிகள்' என்று நியூரோகிளியாவை (ஆஸ்ட்ரோசைட் உள்ளிட்ட, நரம்பு மண்டலத்தின் துணைச் செல்களை) குறித்ததையும் நீக்க வேண்டுகிறேன். பிளஸ் டூ மாணவர்கள் தங்கள் அறிவியல் பக்கத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைப்பதை இவ்வூரில் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே திருத்தத்தையும் அதே பக்கத்தில் வெளியிட்டு உதவுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
காரைக்குடி.