217 வெடிப்பு, ஆனா சத்தம் ஒண்ணுக்குத்தான்

டேய் சரவணா,

லெட்டர் லேட்டுதான், திட்டாத. ரிட்டயர் ஆனப்புறம் பொழுது போகலன்னு புலம்பிட்டு இருந்தேன்ல, இப்ப ரெண்டு வாரமா நாசா பொதுவுல போட்டிருக்கற நைசர் (விண்வெளி நிலையத்துல இருக்கற எக்ஸ்ரே டெலஸ்கோப்) டேட்டாவை எறக்கி வச்சுக்கிட்டு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மல்லுக்கட்டிட்டு இருக்கேன், வீட்ல ஒருத்தரும் பேசறதில்ல.

மேக்னட்டார் வெடிச்சா அந்த நட்சத்திரமே காலியான்னு கேட்டிருந்தியே, அதெல்லாம் இல்லடா. அது ஏற்கனவே செத்த நட்சத்திரத்தோட மிச்சம், பயங்கர காந்தசக்தியோட. இருபது கிலோமீட்டர் உருண்டைக்குள்ள சூரியனை விட ஜாஸ்தி எடை, நான் பாக்கற மேக்னட்டார் பேரு எஸ்ஜிஆர் 1935+2154, அதுக்கு காந்தப்புலம் காஸ்ங்கற அளவுல 2 போட்டு பின்னாடி 14 சைபர். அந்த இழுவை தாங்காம மேல்தோடு விரிசல் விடுதுன்னு நினைக்கறாங்க, அப்பதான் எக்ஸ்ரே கொட்டுது.

2020 ஏப்ரல் 28 அன்னைக்கு நைசர் திரும்பிப் பாத்தப்போ இருபது நிமிஷம் கூட ஆகல, 217 வெடிப்பு! கிராஃபைப் பாத்தா முள்ளுக்காடு மாதிரி இருக்கு, ஒண்ணு அடங்கறதுக்குள்ள அடுத்தது, எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னே பிரிக்க முடியல, நான் எண்ணினா ஒவ்வொரு தடவையும் வேற கணக்கு வருது.

ஆனா கூத்து அப்புறம்தான். 14 மணி நேரம் கழிச்சு பாக்க சாதாரணமா ஒரு வெடிப்பு, அதோட ஒரு ரேடியோ துடிப்பும் வந்துச்சு. கனடாவுல சைம்ங்கற ரேடியோ டெலஸ்கோப் புடிச்சுது, அமெரிக்காவுல ஸ்டேர்2-ங்கற ரேடியோ ஆன்டெனாவும் புடிச்சுது. நம்ம கேலக்ஸிக்குள்ளயே ஒரு எஃப்ஆர்பி (கண் சிமிட்டற நேரத்துல முடிஞ்சுடற பலமான ரேடியோ வெடிப்பு) சிக்கினது அதுதான் மொத தடவை. எக்ஸ்ரே பக்கம் சைனாவோட எச்எக்ஸ்எம்டி, ஐரோப்பாவோட இன்டெக்ரல்னு சாட்டிலைட் எல்லாம் பாத்துட்டு இருந்துச்சு, நைசர் மட்டும் அந்த நேரம் வேற பக்கம். கடுப்பா இல்ல?

ரேடியோவுல ரெண்டு உச்சம், எக்ஸ்ரேலயும் அதே 30 மில்லிசெகண்ட் இடைவெளில ரெண்டு உச்சம். வழியில இருக்கற எலக்ட்ரான் கூட்டம் ரேடியோவைத் தாமதப்படுத்தினதால எக்ஸ்ரே சில செகண்ட் முந்திக்கிச்சு, அவ்ளோதான். ஆனா சைனாவோட ஃபாஸ்ட் ரேடியோ டெலஸ்கோப் பாத்துட்டு இருந்தப்போ இதே மேக்னட்டார்ல 29 வெடிப்பு, ரேடியோவுல ஒரு முணுமுணுப்பு கூட இல்ல. அந்த ஒண்ணு மட்டும் ஏன்? மத்ததை விட அதோட எக்ஸ்ரே ஸ்பெக்ட்ரம் (எந்த எனர்ஜில எவ்ளோ எக்ஸ்ரேங்கற கணக்கு) அதிக எனர்ஜி பக்கம் நீளுது, அதனால மேக்னட்டாரோட காந்த துருவத்துக்கிட்ட நடந்திருக்கும்னு சிலர் சொல்றாங்க. எனக்கு அது கொஞ்சம் வசதியான கதையாத்தான் படுது.

நீ கணக்குல புலி, அந்த முள்ளுக்காட்டை எப்படி எண்றதுன்னு ஒரு வழி சொல்லு. ஃபைலை அனுப்பறேன். கண் ஆபரேஷன் முடிஞ்சு டாக்டர் ஓகே சொன்னப்புறம் திற, அவசரப்படாத.

உன்
மூர்த்தி