பர்மிங்ஹாம் நண்பர்களுக்கும் அந்த டாலடேகா பெரியவருக்கும் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று மதியம் இவரை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை நடந்தார். ரசத்தில் உப்பு போதவில்லை என்றார். நடந்ததைவிட அந்தக் குறை சொன்னதுதான் எனக்குத் தெம்பைக் கொடுத்தது. என்ன ஆயிற்று, எப்படி ஆயிற்று என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை மறுபடி எழுத இப்போதைக்கு என்னால் ஆகாது.

பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துப் பள்ளிக்கு அனுப்பிய அக்கா, காப்பீட்டு ஆட்களோடு எனக்காகப் போனில் மல்லுக்கட்டிய தம்பி, அட்லாண்டாவிலிருந்து இட்லி மாவோடு வந்து இறங்கிய குடும்பம், ரத்தம் கொடுத்தவர்கள், திருச்சியில் அத்தையிடம் விஷயத்தைப் பக்குவமாகச் சொன்ன சித்தப்பா, எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பெயர் போடக் கூடாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். சரி, போடவில்லை.

ஆனால் இந்த மடலில் பெரும்பகுதி இன்னொருவருக்குப் போகிறது. அவர் இதைப் படிக்கப் போவதில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பெயர் தெரியாது.

அறுவை சிகிச்சை நடந்த ராத்திரி, உங்களை எல்லாம் வீட்டுக்குப் போகச் சொன்ன பிறகு, காத்திருக்கும் அறையில் என்னைத் தவிர ஒரே ஒருவர்தான் இருந்தார். அறுபது வயதைத் தாண்டிய வெள்ளைக்காரர். அவர் மனைவி உள்ளே இருந்தார். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்திருக்க வேண்டும். “மேடம், உங்களுக்குக் கார் ரேஸ் பழக்கம் உண்டா?” என்றார். இல்லை என்றேன். “அப்படியானால் நல்லது, முடிவு உங்களுக்குத் தெரியாது” என்று நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

1987 மே 3, ஞாயிற்றுக்கிழமை. அலபாமாவில் நம் பர்மிங்ஹாமிலிருந்து கிழக்கே ஒரு மணி நேர தூரத்தில் இருக்கும் டாலடேகா ரேஸ் மைதானத்தில் வின்ஸ்டன் 500 கார் பந்தயம். அவர் அன்று தன் அப்பாவோடு அங்கே இருந்திருக்கிறார். காபி மேஜையில் இருந்த சர்க்கரைப் பொட்டலங்கள்தான் கார்கள். ஒரு சுற்று 2.66 மைல், நம் கணக்கில் நாலேகால் கிலோமீட்டருக்கு மேல். வளைவுகளில் பாதை 33 டிகிரி சாய்ந்திருக்கும் என்று சொல்லி, ஒரு பத்திரிகையைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். ஊரில் எங்கள் பழைய ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி இருந்தது. அதன்மேல் கார் ஓட்டுவார்களா என்று கேட்டேன். அந்த ராத்திரியில் நான் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

அந்த வாரம் தகுதிச் சுற்றில் ஜார்ஜியாக்காரர் பில் எலியட் மணிக்கு 212.809 மைல் வேகம் போயிருக்கிறார். கிட்டத்தட்ட 342 கிலோமீட்டர். நாஸ்கார் என்கிற அமெரிக்கக் கார் பந்தயத்தில் அந்தச் சாதனை இன்றுவரை அப்படியே நிற்கிறதாம். ஒரு கார் தனியாகப் போனால் காற்று அதைப் பிடித்து இழுக்கும், ஒன்றின் வாலில் இன்னொன்று ஒட்டிக்கொண்டால் இரண்டுமே கூடுதல் வேகம் போகும் என்று பொட்டலங்களை ஒன்றின்பின் ஒன்றாகத் தள்ளினார். மேஜை எல்லாம் சர்க்கரை.

அவருக்குச் சொந்த ஊர் ஹ்யூடவுன். நம் ஊருக்குத் தென்மேற்கே பக்கத்திலேயே இருக்கிறது, நான் ஒருநாளும் போனதில்லை. ‘அலபாமா கேங்’ என்று பேர் வாங்கிய ரேஸ்காரர்களின் ஊராம். அதில் பெரிய ஆள் பாபி ஆலிசன். அன்று பாபி 22-ஆம் எண் ப்யூக்கில். மகன் டேவி 28-ஆம் எண் ஃபோர்டில், அந்த வருடம்தான் புதுமுகம். இருபது சுற்று தாண்டியதும் அப்பாவின் காரில் இன்ஜின் வெடித்தது. பின் டயர் கிழிந்து, கார் பின்பக்கமாகத் திரும்பியது. அந்த வேகத்தில் பின்பக்கமாகத் திரும்பினால் காற்று அடியில் புகுந்து காரைத் தூக்கிவிடும். தூக்கி, பார்வையாளர்களுக்கு முன்னால் இருந்த கம்பி வேலியில் கொண்டுபோய் அடித்தது. நூறு அடிக்குப் பக்கம் வேலி பிய்ந்து போனது. முன்னால் போய்க்கொண்டிருந்த மகன் அதைக் கண்ணாடியில் பார்த்தார்.

இங்கே அவர் நிறுத்தி, எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார்! எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அப்புறம் என்ன, அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று அதட்டியே கேட்டுவிட்டேன். அவர் அவசரப்படவில்லை. கார் வேலியைத் தாண்டி ஜனங்கள் மேல் விழாமல் பாதைக்கே திரும்பி விழுந்தது, கூட்டத்தில் பலருக்குக் காயம், ஆனால் யாரும் சாகவில்லை, பாபியும் பிழைத்துவிட்டார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வேலியைச் சரிசெய்ய இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பந்தயத்தை நிறுத்தி வைத்தார்களாம். அவ்வளவு நேரமும் இந்தப் பெரியவரும் அவர் அப்பாவும் எழுந்து போகவில்லை. பிறகு மறுபடி ஓட்டி, இருட்டிவிடும் என்று 188 சுற்றை 178 ஆகக் குறைத்து முடித்தார்கள். ஜெயித்தது டேவி. நாஸ்காரின் முதல்நிலைப் பந்தயங்களில் அவருக்கு அதுதான் முதல் வெற்றி.

“அவ்வளவுதான் மேடம். பையன் ஜெயித்தான்” என்றார். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து அவர் மனைவி கண் விழித்துவிட்டதாகச் சொல்லிக் கூட்டிப் போனார். எங்கள் டாக்டர் வெளியே வந்தது அதற்குப் பிறகுதான்.

இவர் வார்டுக்கு மாறிய அன்று, பக்கத்தில் உட்கார்ந்து போனில் அந்தப் பந்தயத்தைத் தேடினேன். வேலி விஷயம் பெரியவர் சொன்னபடியே இருந்தது. அந்தப் பயத்தில்தான் 1988-லிருந்து டாலடேகாவிலும் ஃபுளோரிடாவில் இருக்கும் டேடோனா மைதானத்திலும் கார்புரேட்டருக்கு அடியில் துளை போட்ட தகடு வைத்து, இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குறைத்து வேகத்தை அடக்கியிருக்கிறார்கள். அதோடு போனை மூடியிருக்கலாம். மேலே படித்தேன். 1988 டேடோனா 500-இல் அப்பா முதல், மகன் இரண்டாவது. அதே வருடம் ஜூனில் போகோனோ பந்தயத்தில் பாபிக்குத் தலையில் பலத்த அடி, அந்த டேடோனா வெற்றியே நினைவில் இல்லாமல் போனது. 1992-இல் இளைய மகன் கிளிஃபர்ட் மிச்சிகனில் பயிற்சி ஓட்டத்தில் இறந்தார். 1993 ஜூலையில் டேவி, அதே டாலடேகா மைதானத்தில் ஹெலிகாப்டரை இறக்கும்போது விபத்தாகி, மறுநாள் காலை இந்த பர்மிங்ஹாமில்தான், ஒரு மருத்துவமனையில் உயிரை விட்டார். வயது 32. அப்பா 2024 வரை இருந்தார்.

ஹ்யூடவுன்காரர் ஒருவருக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்குமா? அவ்வளவையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, மனைவியையும் உள்ளே அனுப்பிவிட்டு, எனக்கு வேண்டிய இடத்தில் கதையை நிறுத்தியிருக்கிறார். நமக்கெல்லாம் அது வருவதில்லை. ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் “எங்க மாமாவுக்கும் இதேதான்” என்று ஆரம்பித்து, மாமாவைச் சுடுகாடு வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் காபி கேட்பார்கள். (கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களில் இரண்டு பேர் சிரிப்பீர்கள் என்று தெரியும்.)

அதனால் இனி ஆஸ்பத்திரியில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும், 178-ஆம் சுற்றுக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று வைத்திருக்கிறேன். இவர் கொஞ்சம் தேறியதும் ஐ-20 சாலையில் டாலடேகா வரை போய், அந்தச் சாய்வை நேரில் பார்க்க வேண்டும். வரவேண்டியவர்கள் சொல்லுங்கள், பெரிய வண்டியாக எடுக்கலாம். பெரியவரை உங்களில் யாருக்காவது தெரிந்தால், அவர் மனைவி நலமா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

இன்னொன்று. யார் யாருடைய டப்பா என்று தெரியாமல் சமையல் மேடை முழுக்க எவர்சில்வர் பாத்திரங்கள் குவிந்து கிடக்கின்றன. சனிக்கிழமை சாயங்காலம் வந்து அவரவர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போங்கள். பச்சை மூடி போட்ட சாம்பார் தூக்கு யாருடையது? அதை மட்டும் நான் தருவதாக இல்லை.