இன்னொரு கிளப் எதற்கு, மருமகளே?

அன்புள்ள மருமகளே,

சுற்றுச்சூழலுக்கென்று நீ புதிதாக ஒரு கிளப் தொடங்கப் போகிறாய், நீதான் தலைவர் என்று உன் அப்பா போனில் பெருமை தாங்காமல் சொன்னான். சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டேன். அப்புறம் உன் பள்ளியின் இணையதளத்தில் கிளப் பட்டியலைப் பார்த்தேன். மறுசுழற்சிக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று என்று ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன. மூன்றாவது எதற்கு?

காரணம் தெரியாமல் கேட்கவில்லை. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவாகப் போடும் காமன் ஆப் விண்ணப்பத்தில் பத்துச் செயல்பாடுகள் வரை போடலாம், ஒவ்வொன்றையும் விவரிக்க இடைவெளியோடு சேர்த்து 150 எழுத்துகள். அதில் 'நிறுவனர், தலைவர்' என்று போட்டால் எடுப்பாக இருக்கும் என்று யாரோ ஓதியிருக்கிறார்கள். (யாரோ என்ன, உன் அப்பாதான்.) சரி, பட்டத்தைப் போட்டாயிற்று, அந்த 150 எழுத்தில் எதை எழுதுவாய்? மூன்று தடவை கூடி பீட்சா சாப்பிட்டதையா?

அனுமதி கிடைக்காது என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் 1984இலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. மத்திய அரசின் நிதி பெறும் பொது உயர்நிலைப் பள்ளி, பாடத்தோடு சம்பந்தமில்லாத ஒரே ஒரு மாணவர் கிளப்புக்கு இடம் கொடுத்தாலும் போதும். அப்புறம் மதம், அரசியல் என்று பேச்சின் உள்ளடக்கத்தைக் காட்டி இன்னொன்றை மறுக்க முடியாது. நெப்ராஸ்காவில் பைபிள் கிளப் கேட்ட ஒரு மாணவியின் வழக்கில், 1990இல் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஆக, தொடங்குவது சுலபம். அடுத்த வருடம் நீ படிப்பை முடித்துக் கிளம்பிய பிறகு யார் நடத்துவார்கள் என்பதுதான் கேள்வி. 1925இல் சாக்ரமென்டோ உயர்நிலைப் பள்ளியில் தொடங்கிய கீ கிளப் என்ற மாணவர் சேவைக் கிளப் இன்றும் ஓடுகிறது. பெரியவர்களின் சேவை அமைப்பான கிவானிஸ் சங்கம் பின்னால் நிற்கிறது, வாஸ்தவம்தான். ஆனாலும் வருடா வருடம் பொறுப்பை வாங்கிக்கொள்ள ஒரு பிள்ளை இருந்தால்தானே பள்ளியில் அது நடக்கும்?

அந்தத் தோட்டக் கிளப்பில் போய்ச் சேர். பதவி கேட்காதே. பள்ளித் தோட்டங்கள் எப்போது காய்ந்து போகின்றன தெரியுமா? ஜூனில் பள்ளியைப் பூட்டியதும். தக்காளி காய்க்கும் சமயமும் அதுதான். மே மாதமே ஒரு தாளில் வாரம் வாரமாகக் கோடு போட்டு, எந்த வாரம் யார் தண்ணீர் ஊற்றுவது, குழாய்ச் சாவி யாரிடம் இருக்கும், பழுத்ததை யார் வீட்டுக்கு எடுத்துப் போவது என்று எழுதி ஒட்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பெயராகப் பார்த்துப் போடு, அவர்கள்தான் இன்னும் மூன்று வருடம் அங்கே இருப்பார்கள். 150 எழுத்தில் எழுத இது போதாதா?

நாளுக்கொரு வேஷம் போட்டுப் பள்ளியே கொண்டாடும் ஸ்பிரிட் வீக் வாரத்தின் கமிட்டியிலும் நீ இருக்கிறாயாம். பைஜாமா நாள், பள்ளி நிற நாள் எல்லாம் இருக்கட்டும், வீட்டில் இருப்பதைப் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். ட்வின் டேதான் எனக்கு உறுத்துகிறது. இருவர் ஒரே மாதிரி உடுத்தி வர வேண்டும் என்றால், இரண்டு வாரம் முன்பு வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளை யாரோடு வரும்? அன்றைக்கு வயிற்றுவலி என்று வீட்டிலேயே படுத்துக்கொள்ளும். அந்த நாளை எடுத்துவிடச் சொன்னால் உங்கள் கமிட்டி கேட்காது. அதனால் காலையில் வாசலில் ஒரு பெட்டி வையுங்கள். ஒரே படம் போட்ட அட்டைகள் இரண்டிரண்டாக. வருகிறவர்கள் ஆளுக்கு ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்துச் சட்டையில் குத்திக்கொள்ளட்டும். தன் ஜோடியை மதியத்துக்குள் கண்டுபிடித்தால் அவர்கள் வகுப்புக்கு ஒரு புள்ளி. புள்ளி என்றால் பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன்மார்கூட ஓடி வந்து தேடுவார்கள், பாரேன்.

விளையாட்டு அணிக்கு உற்சாகமூட்டப் பள்ளியே கூடும் பெப் ராலியின் மேளமும் கூச்சலும் தாங்காத பிள்ளைகளுக்கு அந்த ஒரு மணி நேரம் நூலகத்தைத் திறந்து வைக்க முடியுமா என்றும் கேள். காரணம் சொல்லி, கையெழுத்து வாங்கி வரச் சொல்லாமல்.

தோட்டக் கிளப் என்றைக்குக் கூடுகிறது என்று எழுது. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், தம்பிதானே.

அன்புடன்,
அத்தை