கவுன்சிலிங் மேடத்துக்கு ஒரு நன்றி

மேடம், உங்களுக்கு எங்களை ஞாபகம் இருக்குமா தெரியவில்லை. போன வருடம் ஒன்பதாம் வகுப்புப் பையனின் ஜாமெட்ரி பாக்ஸில், காம்பஸுக்கு அடியில், உதட்டில் ஒதுக்குகிற புகையிலைப் பொட்டலம் நாலு கிடைத்ததே, அந்தப் பையனின் அம்மா நான். டீச்சர் டிசி தருவோம் என்றார், இவன் அப்பா பெல்ட்டைக் கழற்றிவிட்டார்.

நீங்கள் மட்டும்தான் அவனிடம் "ஏன் போட்டே" என்று கேட்கவில்லை. "ஒரு நாளில் எப்போ ரொம்பத் தோணும்?" என்று கேட்டீர்கள். சாயந்திரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, பெரிய பையன்களோடு, என்றான். அவ்வளவுதான், அந்த இருபது நிமிடத்தைப் பிடித்துக்கொண்டீர்கள். கேரம் ஆட வைத்து அடுத்த பஸ்ஸில் அனுப்பினீர்கள், பையில் சோம்பு கொடுத்தீர்கள். முதல் வாரம் சிடுசிடுப்பான், தூக்கம் வராது, அது நிகோடின் விடுகிற வேலை, திமிர் இல்லை என்று இவரை உட்கார வைத்துச் சொன்னீர்கள். (சொல்லாமல் இருந்திருந்தால் அந்த வாரமே அடி விழுந்திருக்கும்.) 1800112356 என்ற புகையிலை விடுவதற்கான இலவச எண்ணையும் எழுதித் தந்தீர்கள். நடுவில் ஒருமுறை மறுபடியும் போட்டுவிட்டு அவனே வந்து உங்களிடம் சொன்னானாம், எங்களிடம் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பது 2003 சட்டம் என்று உங்களால்தான் தெரிந்தது. அந்தப் பெட்டிக்கடையைப் பற்றி மனு கொடுத்ததும் நீங்கள்தானாமே, வாட்ச்மேன் அண்ணன் சொன்னார்.

ஜூனில் ஸ்வீட்டோடு வந்தேன். ஒப்பந்தம் முடிந்து போய்விட்டார் என்றார்கள். எங்கே இருந்தாலும் இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள் மேடம். அவன் இன்னும் சோம்பு கேட்கிறான்.