அது அமெரிக்கப் படை மட்டுமல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

போன இதழில் இரண்டாம் உலகப் போரில் ரோம் நகர் ஜெர்மானியரிடமிருந்து விடுவிக்கப்பட்டது பற்றிய கட்டுரையில், 1944 ஜூன் 4 அன்று நகருக்குள் முதலில் நுழைந்தவர்களில் 'அமெரிக்க கமாண்டோக்களும்' இருந்தார்கள் என்று ஒரு வரி வருகிறது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அது அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து உருவாக்கிய முதலாம் சிறப்புச் சேவைப் படை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 1942 ஜூலையில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஹெலினா நகருக்குப் பக்கத்தில் தொடங்கினார்கள். இரண்டு நாட்டுக்காரர்களையும் ஒரே கூடாரத்தில் கலந்து போட்டு, ஒரே சீருடை கொடுத்து, கனடாக்காரரை அமெரிக்க அதிகாரிக்குக் கீழேயும் அமெரிக்கரைக் கனடா அதிகாரிக்குக் கீழேயும் வைத்தார்கள். சம்பளம் மட்டும் ஒன்றாக இல்லை, கனடாக்காரர்களுக்குக் குறைவு. அன்றைக்கே தொடங்கிய அநியாயம் ஐயா இது.

நான் கனடாவின் மானிடோபா மாகாணத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள். அந்தப் படையில் இருந்த தாத்தா ஒருவரை நான்தான் கவனித்துக்கொண்டேன். சீருடைத் தோளில் தைத்திருந்த சின்னத்தைக் கைக்குட்டையில் சுற்றி இழுப்பறையில் வைத்திருப்பார். சிவப்பு ஈட்டிமுனை, குறுக்கே யுஎஸ்ஏ, அதற்குக் கீழே ஒவ்வோர் எழுத்தாக மேலிருந்து கீழாகக் கனடா. தொலைக்காட்சியில் யாராவது 'அமெரிக்கப் படை' என்று சொல்லிவிட்டால் அன்று ராத்திரி சாப்பாட்டைத் தொடமாட்டார். தட்டை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தவள் நான்.

1943 டிசம்பரில் இத்தாலியின் மொன்டே லா டிஃபென்சா மலையில், யாரும் ஏறி வரமாட்டார்கள் என்று ஜெர்மானியர் நம்பியிருந்த செங்குத்துப் பாறையில் ராத்திரியில் கயிறு பிடித்து ஏறியவர்கள் இவர்கள். 1944 டிசம்பர் 5 அன்று பிரான்சில் படையைக் கலைத்தபோது கனடாக்காரர்கள் வரிசையிலிருந்து விலகிப் போனார்கள், மிச்சமிருந்த அமெரிக்கர்கள் அந்த இடைவெளிகளை நிரப்பாமலே நின்றார்கள். கூட நின்று போரிட்டவர்கள் காட்டிய மரியாதையை நாம் காட்டக் கூடாதா?

சொந்த நாடான கனடா மட்டும் இவர்களை ஒழுங்காகப் பார்த்ததா? இந்தப் படையில் இருந்தவர், கனடாப் பழங்குடியான ஓஜிப்வே இனத்தைச் சேர்ந்த டாமி பிரின்ஸ், இத்தாலியின் அன்சியோ போர்முனையில் குண்டு விழுந்து அறுந்த தொலைபேசிக் கம்பியை, விவசாயி வேஷத்தில் களை கொத்துவது போல நடந்துபோய், ஷூ நாடா கட்டுவது போலக் குனிந்து எதிரி கண்ணெதிரிலேயே இணைத்தவர். இங்கிலாந்து மன்னர் கையால் பதக்கம் வாங்கியவர். கடைசியில் அந்தப் பதக்கங்களையே விற்க வேண்டிய நிலை வந்து, 1977-இல் வின்னிபெக்கில் வறுமையில் செத்தார். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் இந்தப் படைக்கு வந்தது 2015-இல். அதற்குள் எத்தனை பேர் போய்விட்டார்கள்!

உங்கள் போர் நினைவுச் சிறப்பிதழிலும் கனடா பற்றி ஒரு பத்திகூட இல்லை. அப்போதே எழுதினேன், பதில் வரவில்லை. சரி, வேலை அதிகமாக இருந்திருக்கும். இந்த முறையாவது அடுத்த இதழில் அதே பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். 'அமெரிக்க-கனடா கூட்டுப் படை' என்று இருந்தால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி, மானிடோபா